டெபியன் 12: பழைய மடிக்கணினியில் வைஃபைக்கு எவ்வளவு நம்பலாம்?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றால், எங்கள் வேலூர்ப் பக்கத்தில் எவரும் முதலில் கேட்பது வைஃபை வருமா என்பதைத்தான். கேள்வி நியாயமானது. வீட்டில் இருப்பது ஒரு ஃபைபர் இணைப்பும் கூடத்தில் ஒரு ரௌட்டரும் மட்டுமே; அதிலிருந்து கம்பி இழுத்து உள்ளறைக்குக் கொண்டுபோக யாரும் தயாராக இல்லை. ஆகவே இந்த மதிப்புரையில், லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் 12 இயங்குதளத்தின் அழகையோ வேகத்தையோ நான் பேசவில்லை. சத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம் ஆகிய ஊர்களில் உறவினர், மாணவர், அண்டை வீட்டார் எனப் பலரது பழைய கணினிகளில் அதை நிறுவிக் கொடுத்த அனுபவத்தில், கம்பியில்லா இணைப்பு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்து எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: மடிக்கணினியின் மேல்மூடியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பாராமல், உள்ளே இருக்கும் வைஃபை சில்லு எது என்று பார்த்துவிட்டு இறங்குபவருக்கு டெபியன் 12 மிகவும் நம்பகமானது. சில்லைப் பாராமல் இறங்குபவரைச் சில வேளைகளில் அது இணையமே இல்லாமல் நிறுத்திவிடும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பழைய கணினிகளில் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் இன்னும் நம் பகுதியில் பல வீடுகளின் அலமாரிகளில் உள்ளன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்தப் பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆதலால் டெபியன் இந்தக் கணினிகளுக்குப் புதிய விருந்தாளி அல்ல. குடியாத்தத்தில் ஒரு மாணவியின் தாயார் அப்படிப்பட்ட கணினி ஒன்றைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து, "காலேஜ் அப்ளிகேஷன் போடணும் சார், நெட்டு மட்டும் வந்தா போதும்" என்றார். நெட்டு மட்டும் வந்தால் போதும் என்ற அந்தத் தேவையை ஓர் இயங்குதளம் எவ்வளவு எளிதாக நிறைவேற்றுகிறது என்பதுதான், என்னைப் பொறுத்தவரை, அதன் தகுதிக்கான முதல் சோதனை.

வைஃபை சில்லு இயங்க இரண்டு மென்பொருள்கள் வேண்டும். ஒன்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருந்து சில்லை இயக்கும் டிரைவர். லினக்ஸில் இது பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளாகவே, அதாவது மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடியதாகவே, கிடைக்கிறது. மற்றொன்று, கணினி தொடங்கும்போது சில்லுக்குள்ளேயே ஏற்றப்படும் ஃபர்ம்வேர். இது சில்லைச் செய்த நிறுவனத்தின் உடைமை, மூல நிரல் பெரும்பாலும் வெளியிடப்படாதது. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியான டெபியன், நெடுங்காலம் இந்த ஃபர்ம்வேரைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்கவில்லை. அதனால் நிறுவலின் நடுவே ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்ற செய்தி வரும்; அந்தக் கோப்பை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும்; இணையத்துக்கு வைஃபை வேண்டும்; வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். வேறொரு கணினி இல்லாத வீட்டில் இந்தச் சுழலிலிருந்து வெளிவருவது எளிதன்று. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் பொது வாக்கெடுப்பு நடத்தி, அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்பிலேயே ஃபர்ம்வேரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12, அந்த முடிவு நடைமுறைக்கு வந்த முதல் பதிப்பு. கொள்கையைத் தளர்த்திவிட்டார்கள் என்று வருந்துவோரின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய கணினியைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்துக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவியின் பக்கம் நின்று பார்த்தால், அண்மைக் காலத்தில் டெபியன் எடுத்த மிக நல்ல முடிவு இதுவே என்று சொல்வேன். அந்த ஃபர்ம்வேர்கள் தனிப் பிரிவில் பெயர் சூட்டி வைக்கப்பட்டிருப்பதால், தன் கணினியில் எது கட்டற்றது, எது அல்லாதது என்று பயனரால் எப்போதும் பிரித்தறிய முடிகிறது. மறைக்காமல் தருகிறார்கள் என்பது எனக்கு முக்கியம்.

நிறுவும் முன்பே சோதித்துப் பார்க்கும் வசதி டெபியனின் லைவ் கோப்பில் இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத்தளத்துடன் (திரையின் தோற்றமைப்புடன்) வரும் லைவ் கோப்பைப் பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கினால், வன்தட்டில் எதையும் தொடாமலே முழு இயங்குதளமும் திரையில் வந்துவிடும். மேல்மூலையில் உள்ள வலையமைப்புக் குறியைச் சொடுக்கியதும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாகத் தோன்றினால், பெரும்பகுதிக் கவலை முடிந்தது. தோன்றவில்லை என்றால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தைத் திறந்து, எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என்என்கே என்ற தெரிவுடன் (lspci -nnk) கொடுக்க வேண்டும். அது சில்லின் பெயரையும், சதுர அடைப்புக்குள் அதன் அடையாள எண்ணையும், எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்பதையும் காட்டும். யு.எஸ்.பி. வழியாகச் செருகும் அடாப்டர் என்றால் எல்எஸ்யுஎஸ்பி (lsusb). இந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் யாரும் மேலே போகக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. ஒரே மாடல் பெயரில் விற்ற இரண்டு மடிக்கணினிகளுக்குள் இரண்டு வேறு சில்லுகள் இருப்பது வழக்கம். எண் ஒன்றே உண்மையைச் சொல்லும்.

ஏதெராஸ், இன்டெல் சில்லுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுவே அவற்றின் பெருமை. ஏதெராஸ் ஏ.ஆர். 9285 போன்ற பழைய சில்லுகளுக்குத் தனி ஃபர்ம்வேரே தேவையில்லை. கெர்னலில் உள்ள ஏடிஎச்9கே டிரைவர் தானாகப் பிடித்துக்கொள்ளும். இன்டெல் சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் வேண்டும், அது இப்போது நிறுவல் கோப்பிலேயே இருக்கிறது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் இணைந்துவிடும்.

பிராட்காம் சில்லுகளிடம் வரும்போதுதான் டெபியன் 12-இன் எல்லை தெரிகிறது. 2008 முதல் சில ஆண்டுகள் வந்த பல மடிக்கணினிகளில் பி.சி.எம். 4312 என்ற சில்லு இருந்தது. அடையாள எண் 14இ4:4315. இதற்கு பி43 என்ற கட்டற்ற டிரைவர் கெர்னலில் இருக்கிறது. நிறுவனத்தின் உதவியின்றி, சில்லின் நடத்தையை வெளியிலிருந்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் அது. அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரைப் பிறர் மறுவிநியோகம் செய்ய உரிமம் இடம் தருவதில்லை. எனவே 2022-இன் வாக்கெடுப்பு எவ்வளவு தாராளமாக இருந்தாலும், டெபியன் அதைத் தன் கோப்பில் வைக்க முடியாது. அதற்குப் பதிலாக ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் (firmware-b43-installer) என்ற சிறு மென்பொருள் பொதியைத் தருகிறார்கள். அது இணையத்திலிருந்து பிராட்காமின் பழைய டிரைவர் கோப்பை இறக்கி, அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்து உரிய இடத்தில் வைக்கும். அதாவது, பழைய சுழல் இந்தச் சில்லுக்கு இன்னும் இருக்கிறது.

அதை உடைக்கும் வழி ஆண்ட்ராய்டு கைபேசியில் இருக்கிறது. கைபேசியைத் தரவுக் கம்பியால் கணினியுடன் இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யு.எஸ்.பி. டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கம்பி வழியே பகிரும் வசதியை) இயக்கினால், டெபியன் அதைக் கம்பி வழி இணைப்பாக உடனே ஏற்றுக்கொள்ளும். எந்த டிரைவரும் வேண்டாம். கைபேசி வைஃபையில் இருந்தால் அதையே கணினிக்குக் கடத்தும், ஆகவே மொபைல் டேட்டாவும் செலவாகாது. பின்னர் மென்பொருள் மூலங்களின் பட்டியலில் கான்ட்ரிப் (contrib) என்ற பிரிவைச் சேர்த்துப் புதுப்பித்து, மேற்சொன்ன பொதியை நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினால் வைஃபை வந்துவிடும். மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் மலிவான கம்பியால் இது நடக்காது. தரவு கடத்தும் கம்பியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக் கிடைக்கும் இணைப்பின் வேகத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 4312 சில்லு வைஃபையின் பழைய 802.11ஜி தலைமுறையைச் சேர்ந்தது. ஏட்டளவில் உச்சம் 54 எம்.பி.பி.எஸ்., நடைமுறையில் அதில் பாதி வந்தாலே நல்லது. வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வாங்கியிருப்பவர் இதைக் குறையாக நினைக்கலாம். ஆனால் விண்ணப்பம் நிரப்பவும், பாடக் காணொளி பார்க்கவும், வங்கிக் கணக்கைத் திறக்கவும் இது தாராளம்.

பிராட்காம் தரும் உடைமை டிரைவரும் டெபியனில் கிடைக்கிறது. பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்பது பொதியின் பெயர், ஏற்றப்படும் டிரைவர் டபிள்யூஎல். பி43 தொடாத பி.சி.எம். 43142 போன்ற சில்லுகளுக்கு இதுதான் வழி. இதன் மூலத்தை அந்நிறுவனம் கடைசியாகப் புதுப்பித்தது 2015-இல். அதற்குப் பின் கெர்னல் மாறும்போதெல்லாம் தன்னார்வலர்கள் ஒட்டுப்போட்டு ஓட்டிவருகிறார்கள். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் டிரைவர் அந்தக் கணினியிலேயே மறுபடி தொகுக்கப்பட வேண்டும். அதற்கு, தொகுப்பின்போது தேவைப்படும் கெர்னல் தலைப்புக் கோப்புகள் உடன் இருக்க வேண்டும். தொகுப்பு தவறினால், நேற்று வரை இருந்த வைஃபை இன்று காலை இருக்காது. தொலைவில் இருக்கும் முதியவர் ஒருவரின் கணினியில் இந்த டிரைவரை வைக்க எனக்கு மனம் வருவதில்லை; பி43 போதுமான இடத்தில் அதையே வைப்பேன், போதாத இடத்தில் கீழே சொல்லும் யு.எஸ்.பி. அடாப்டரைப் பரிந்துரைப்பேன். பி.சி.எம். 4313 வைத்திருப்போர் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கான கட்டற்ற டிரைவரை 2010-இல் பிராட்காமே வெளியிட்டது, ஃபர்ம்வேரும் டெபியனின் கோப்பில் உண்டு.

அடுத்த தலைவலி ரியல்டெக் ஆர்.டி.எல். 8723 பி.இ. என்ற சில்லில் காணப்படுவது. வெளியில் பார்க்கும்போது இது வீட்டுச் சுவரின் குற்றம் போலவே தோன்றும். ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இணைப்பு முழுதாக இருக்கும். அடுத்த அறைக்குப் போனால் பெயரே பட்டியலில் இராது. நம் ஊரின் பழைய வீடுகளில் செங்கல் சுவர் தடிமனாக இருப்பதால், சுவர்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். உண்மையான காரணம் ஆன்டெனா. இந்தச் சில்லுள்ள அட்டையில் ஆன்டெனாவுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. சில மடிக்கணினிகளில் ஒரே ஓர் ஆன்டெனாக் கம்பிதான் மாட்டப்பட்டிருக்கும். எதில் மாட்டப்பட்டது என்ற தகவல் சில்லின் நினைவில் தவறாகப் பதிவாகியிருந்தால், டிரைவர் வெறும் முனையில் காது வைத்துக்கொண்டிருக்கும். டிரைவர்களுக்கான தெரிவுகளைக் குறிக்கும் மோட்ப்ரோப் அமைவுக் கோப்பில் அந்த டிரைவரின் பெயருடன் ஆன்ட்_செல் (ant_sel) என்ற தெரிவுக்கு 1 அல்லது 2 என்று மதிப்புக் கொடுத்து மறுதொடக்கம் செய்தால், இரண்டில் ஒன்று சிக்னலை நிமிர்த்திவிடும். ஒற்றை வரியில் தீரும் ஒரு கோளாறுக்காகப் பலர் ரிப்பீட்டர் வாங்கிச் செலவழிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. டெபியன் இதைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தித் தந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இப்போதைக்கு அந்த வரியைப் பயனர்தான் எழுத வேண்டும்.

சில்லும் டிரைவரும் சரியாக இருந்தும் வைஃபை வராத சமயங்களில், பழைய கணினியின் பக்கவாட்டையோ முன்விளிம்பையோ தடவிப் பார்ப்பது நல்லது. அங்கே சிறு நகர்த்து விசை ஒன்று இருக்கலாம். ஆர்எஃப்கில் (rfkill) என்ற கட்டளை, தடை மென்பொருளால் வந்ததா, விசையால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும். விசையால் வந்த தடையை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது.

பெயர் பட்டியலில் வீட்டு ரௌட்டர் மட்டும் தெரியவில்லை, அண்டை வீட்டுடையவை எல்லாம் தெரிகின்றன என்றால், அலைவரிசையைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 13 அலைவரிசைகள் வரை பயன்படுத்தலாம். ஆனால் நாடு எதுவென்று கணினிக்குத் தெரியாதபோது, லினக்ஸ் எச்சரிக்கையாக 12, 13 ஆகியவற்றில் அடக்கி வாசிக்கும். ஐடபிள்யூ (iw) கட்டளையால் நாட்டை இந்தியா என்று அமைக்கலாம். ரௌட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்துவது அதைவிட எளிது. பழைய சில்லுகள் பலவற்றுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை கண்ணுக்கே தெரியாது என்பதால், ரௌட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான். டபிள்யூபிஏ3 மட்டும் என்று பாதுகாப்பை வைத்திருக்கும் புதிய ரௌட்டரில் பழைய கணினி நுழையத் திணறும். டபிள்யூபிஏ2-ஐயும் சேர்த்து அனுமதிக்க வேண்டும்.

இணைந்துவிட்டது, ஆனால் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று உலாவி சொல்கிறது என்றால், தேதியைப் பாருங்கள். நெடுநாள் அலமாரியில் கிடந்த கணினியின் தாய்ப்பலகைப் பேட்டரி தீர்ந்து, நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். சான்றிதழ்கள் அந்தத் தேதியில் செல்லாதவை ஆகிவிடுகின்றன. டெபியன் இணையம் கிடைத்த சற்று நேரத்தில் நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் காத்திருப்பதற்குப் பதில் அந்தச் சிறு வட்டப் பேட்டரியை மாற்றிவிடலாம். அதன் விலை அற்பம்.

வீட்டுக்கு வெளியே ஒரு சோதனை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோடு பக்கத்து விடுதிகளில், வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. இத்தகைய விடுதி இணைப்புகள் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்காமல், உலாவியில் ஒரு நுழைவுப் பக்கத்தைக் காட்டி அறை எண்ணையோ கைபேசி எண்ணையோ கேட்கும். எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில் அந்தப் பக்கம் தானாக எழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால், இந்த வலையமைப்பில் நுழைய உள்நுழைவு தேவை என்று அதுவே மேலே ஒரு பட்டையில் சொல்லி வழிகாட்டும். ஊர் விட்டு ஊர் வந்து, மருத்துவ அறிக்கையை வீட்டாருக்கு அனுப்பக் காத்திருப்பவருக்கு, இது தெரிந்திருப்பது சிறிய விஷயமல்ல.

உள் சில்லோடு போராட விரும்பாதவர்களுக்கு யு.எஸ்.பி. அடாப்டர் நல்ல மாற்று. அதிலும் ஏதெராஸ் ஏ.ஆர். 9271 சில்லுள்ளதையே நான் முதலில் சொல்வேன். அதன் ஃபர்ம்வேரின் மூல நிரல் 2013-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. டெபியனின் முழுக் கட்டற்ற பிரிவிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டும் திறந்தவை என்று சொல்லத்தக்க வைஃபைக் கருவிகள் மிகச் சில. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும், 150 எம்.பி.பி.எஸ். உச்சம் என்ற வரம்பு உண்டு. கடையில் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள மாடல் பெயரை நம்பி வாங்க முடியாது என்பதற்கு டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் எடுத்துக்காட்டு: முதல் பதிப்பில் ஏ.ஆர். 9271 இருந்தது, இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் ஆர்.டி.எல். 8188 சில்லுக்கு மாறினார்கள், பெயர் மாறவில்லை. பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். இரு பட்டைகளும் வேண்டுவோர் மீடியாடெக் எம்.டி. 7612யு சில்லைத் தேடலாம், கெர்னலின் 4.19 பதிப்பு முதல் அதற்கான டிரைவர் அதிலேயே இருக்கிறது, டெபியன் 12-இல் இருப்பது கெர்னல் 6.1. அடாப்டரைக் கணினியில் நேரே செருகாமல் ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் தொங்கவிட்டுச் சற்று உயரத்தில் வைத்தால், வரவேற்பு கண்கூடாகக் கூடும்.

உள்ளே இருக்கும் அட்டையையே மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டைகள் பழைய உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன, இரண்டு திருகுகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் சில மடிக்கணினிகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளான பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுக்கொண்ட பிறகு வாங்குவதே சரி.

எந்தப் பதிப்பை நிறுவுவது என்பது ஒன்று மிச்சம். 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளிவந்துவிட்டது. 64 பிட் செயலி உள்ள கணினிகளில், மேலே சொன்ன வைஃபைக் குறிப்புகள் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பும் கெர்னலும் டெபியன் 13-இல் இல்லை. ஆட்டம் என்270 போன்ற செயலியுள்ள சிறு நெட்புக்குகளை வைத்திருப்பவர்கள் டெபியன் 12-இலேயே நிற்க வேண்டும், 13-க்கு மேம்படுத்த முயலக்கூடாது. கோர் 2 டுவோ உள்ளவர்கள் 64 பிட் கோப்பைத் தயங்காமல் எடுக்கலாம்.